குட்டியானையில் போன குதிரை

பையை நான் மடியில வெச்சுக்கறேன், நீங்க நல்லா தள்ளி உக்காருங்க தம்பி. அந்தியூருக்குத்தானுங்களா? நானும் அங்கதான். ஆடி மாசத்துல இந்த பஸ்ல ஏறுற ஆம்பளைங்க பாதிப்பேரு குருநாதசாமி கோயிலுக்கும் அங்க கூடற குதிரைச் சந்தைக்கும் போறவங்கதான். நீங்க குதிரை வாங்கவா, வேடிக்கை பாக்கவா? ஓ, போட்டோ எடுக்கவா? அது நல்லதுங்க. போட்டோ தீனி கேக்காது.

நான் போன வருசம் இதே சந்தைக்கு ஒரு குதிரையை விக்கப் போனேனுங்க. விக்கறதுல அதுதான் எனக்கு மொதல் தடவை. நான் வித்த லட்சணத்தை இன்னமும் தரகருங்க சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்களாம். நீங்க அங்க போய் யாரு வாயிலயாச்சும் கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிப்போடறேன். அவங்க சொன்னா கதையில ரெண்டு நாய் வரும். வந்தது ஒரு நாய்தானுங்க.

பேரு சென்னியப்பன். கவுந்தப்பாடியில சிமெண்டுக் கடை வெச்சிருக்கேன். சிமெண்டுக் கடைக்காரனுக்கு எதுக்குக் குதிரைன்னு கேப்பீங்க. எல்லாரும் கேட்டாங்க. சில வருசத்துக்கு முன்னாடி சும்மா சந்தையைப் பாக்கலாம்னு போனேன். ஒருத்தரு வெள்ளை வேட்டி கட்டி, மீசையை முறுக்கி விட்டுக்கிட்டு குதிரை மேல வந்தாரு. கூட்டம் தன்னால வழி விடுதுங்க. எனக்கு எங்க கடை வாசல்ல நின்னாக்கூட எவனும் வழி விட மாட்டான், லாரிக்காரன் ஹாரன் அடிப்பான். மீசை நமக்கு அடர்த்தியா வராது, சரி, குதிரையாச்சும் வரட்டும்னு அன்னைக்கே ஒரு பொட்டைக் குட்டியைப் புடிச்சுக்கிட்டு வந்துட்டேன்.

செவலை நிறம், நெத்தியில வெள்ளைச் சுட்டி. இளவரசின்னு பேரு வெச்சேன். கொட்டாய்க்கு மேல பேரு எழுதி போர்டு கூட மாட்டினேன். சிமெண்டுக் கம்பெனிக்காரங்க குடுத்த பழைய போர்டைத் திருப்பிப் போட்டு எழுதினது, ஆனா எழுத்து நல்லா இருந்துச்சு.

எங்க வீட்டுல பாவாத்தா, என்ற சம்சாரம், குட்டியைச் சுத்தி ஒரு சுத்து வந்து பாத்தா. "இந்தக் காசுக்கு ஒரு கழுதை வாங்கியிருந்தா மூட்டையாச்சும் சொமக்கும்"னா. அன்னையிலிருந்து அவ வாயில அது கழுதைதானுங்க. கழுதை தின்னுச்சா, கழுதைக்குத் தண்ணி காட்டுனீங்களா, கழுதை எங்க, என்ற சீலையைக் காணோம். எனக்குக் கோவம் வரும். இது ராஜாக்கமாரு ஏறுற ஜாதி, மரியாதையாப் பேசுன்னு சொல்லுவேன். "ராஜா வந்து லத்தி அள்ளுவாரா?"ன்னு கேப்பா.

ஆனா ஒண்ணு தம்பி, அந்தக் குதிரைக்கு எல்லாமே நாந்தான். லத்தி அள்ளறது, கழுவி விடறது, கொள்ளு ஊறப்போடறது, புல்லு வாங்கிப் போடறது, ஈ ஓட்டறது, காய்ச்சல்னா மாட்டு டாக்டரைக் கூட்டியாறது, இதெல்லாம் பாவாத்தா பாத்துக்குவா. மத்ததெல்லாம் நாந்தான். ஞாயித்துக்கெழமையானா வெள்ளை வேட்டி கட்டி மேல ஏறி உக்காந்து ஊரைச் சுத்தி வருவேன். என்ற தங்கச்சி மக கண்ணாலத்துக்கு பிளக்ஸ் வெச்சோம், அதுல நானும் இளவரசியும் நடுவுல இருப்போம். பொண்ணும் மாப்பிள்ளையும் மூலையில இருப்பாங்க. தங்கச்சி வீட்டுக்காரரு இன்னும் எங்கூட சரியாப் பேசறதில்லை.

அப்புறம் ஒரு நாள் கடைவீதியில வர்றேன். வெல்லம் ஏத்தின வண்டி ஒண்ணு ஓரமா நிக்குது. எங்க ஊரு வெல்லம் கேள்விப்பட்டிருப்பீங்க. வாசம் புடிச்சதும் இளவரசி டக்குனு நின்னுருச்சு. நான் நிக்கலைங்க. நான் பாட்டுக்குப் போயி வெல்ல மூட்டை மேல விழுந்தேன். ஊரே கூடிருச்சு. அன்னைக்குத்தான் எனக்கு எல்லாரும் வழி விட்டாங்க, ஆஸ்பத்திரிக்கு.

இடுப்புல ஜவ்வு விலகிருச்சுன்னு டாக்டர் சொன்னாரு. குதிரை, பைக் ரெண்டும் ஆகாது, பஸ்ஸு ஆகும்னாரு. அதான் இப்ப உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன்.

ஏற ஆளில்லாம குதிரை கொட்டாயிலயே நின்னுச்சு. பாவாத்தாளோட பொலம்பல் சாஸ்தியாயிருச்சு. "இந்தக் கழுதைக்கு ஊழியம் பண்ணியே என்ற ஆயுசு போச்சு"ன்னு தெனமும் சொல்லுவா. அதையும் எங்கிட்ட வந்து சொல்ல மாட்டா. அதுகிட்டப் போயி நின்னு, அதோட கழுத்தைத் தேச்சு விட்டுக்கிட்டே சொல்லுவா. அதுவும் தலையை அவ தோள் மேல போட்டுக்கிட்டுக் கேட்டுக்கிட்டிருக்கும். எனக்கு மனசு கேக்கலைங்க. கட்டினவ கஷ்டப்படறதை எத்தனை நாளைக்குப் பாத்துக்கிட்டு இருக்கறது? வித்துப்போடலாம்னு முடிவு பண்ணினேன். இளவரசின்னா எனக்கு உசுரு, ஆனாலும் அவளுக்காக முடிவு பண்ணினேன். இதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கங்க தம்பி. அவளுக்காகத்தான்.

அவகிட்டச் சொல்லலை. சித்தோட்டுல அவ அக்கா பேரனுக்குக் காதுகுத்துன்னு பட்டுச்சீலை கட்டிக்கிட்டு காலையில கெளம்புனா. போறப்பவே "கழுதைக்கு மத்தியானத் தண்ணி மறந்தராதீங்க"ன்னு சொல்லிட்டுத்தான் பஸ் ஏறுனா. நான் மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். நீ திரும்பி வர்றப்போ கொட்டாய் காலியா இருக்கும், உனக்கு இனிமே அந்த வேலையே இல்லைன்னு. கண்ணாலம் ஆன நாள்ல இருந்து நான் அவளுக்கு எதிர்பாராம எதுவும் குடுத்ததில்லைங்க. இது ஒண்ணாச்சும் குடுத்த மாதிரி இருக்கட்டும்னு நெனைச்சேன்.

ஒரு குட்டியானை லோடு வண்டியை வாடகைக்குப் புடிச்சேன். டிரைவர் பாத்துட்டு, "ஏனுங்ணா, குட்டியானையில குதிரை ஏறுமுங்களா?"ன்னான். ஏறலைதான். வெல்லத்தைக் காட்டி ஏத்தினோம். வழி நெடுக நான் பின்னாடி அதோடவே நின்னுக்கிட்டு வந்தேன். இடுப்பு போனாப் போகுது, கடைசிப் பயணமாச்சே. அழுதுக்கிட்டே வந்தேன் தம்பி, பொய் சொல்லலை. அது என்ற சட்டைப் பையில இருந்த வெல்லத்தைத் தேடிக்கிட்டே வந்துச்சு.

சந்தையில நான் வியாபாரம் பண்ணலைங்க, சம்பந்தம் பேசினேன். மொதல்ல ஒருத்தன் வந்து "ஆடுமா?"ன்னு கேட்டான். ஆடறதுக்கு இதென்ன ரெக்கார்டு டான்ஸான்னு தொரத்தி விட்டேன். அடுத்து ஒருத்தரு வந்தாரு, வந்ததும் வராததுமா வாயைப் பொளந்து பல்லை எண்ணினாரு. உங்க பல்லைக் காட்டுங்க நான் எண்ணறேன்னேன். இன்னொருத்தரு சுழி பாக்கறவரு. எங்கெங்க சுழி இருக்குதுன்னு ஒடம்பெல்லாம் தடவிப் பாத்துட்டு, "வீட்டுக்காரனுக்கு ஆகாத சுழி ஒண்ணு இருக்குது"ன்னாரு. வெல்ல மூட்டை நெனைப்பு வந்துச்சு, ஆனாலும் விட்டுக்குடுக்கலை. தரகர் நடேசன் பாவம், ஒவ்வொருத்தரா கூட்டிக்கிட்டு வர்றாரு, நான் ஒவ்வொருத்தரா அனுப்பறேன். "மொதலாளி, நீங்க விக்க வந்தீங்களா, சண்டை போட வந்தீங்களா?"ன்னு கேட்டாரு.

அப்புறந்தான் ரஹ்மத்துல்லா பாய் வந்தாரு. வாணியம்பாடிக்காரரு. கண்ணாலத்து ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடறவரு. வயசான மனுசன், நரைச்ச தாடி. வந்தவரு பல்லையும் பாக்கலை, சுழியையும் பாக்கலை. கையை நீட்டி இளவரசியை மோந்து பாக்க விட்டாரு. மோந்து பாத்துட்டு அதுபாட்டுக்கு நின்னுச்சு. அப்புறந்தான் தொட்டாரு. எனக்குப் புடிச்சுப் போச்சு. பொண்ணைப் பெத்தவனுக்கு மாப்பிள்ளையைப் புடிச்சுப் போனா எப்படி? எல்லாப் பெருமையையும் ஒரே மூச்சுல எடுத்து விட்டேன்.

"பாய், இதுக்கு நான்னா உசுரு. எங்க மேஞ்சாலும் சரி, நான் ஒரு விசில் அடிச்சாப் போதும், ஓடி வந்துரும். என்ற கொரலைத் தவிர வேற கொரலுக்குத் திரும்பாது. எங்கிட்ட இருந்து பிரிச்சா ரெண்டு நாளைக்குத் தின்னாது, நீங்கதான் பாத்துக்கோணும்"னேன். பாய் தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டாரு.

பேரம் பேசறது எப்படின்னு தெரியுங்களா? வாயால வெலை சொல்ல மாட்டாங்க. ரெண்டு பேரு கையையும் சேத்து மேல துண்டைப் போட்டுருவாங்க. உள்ளுக்குள்ள வெரலைப் புடிச்சு அமுக்கறதுதான் பேச்சு. பக்கத்துல நிக்கறவனுக்குக் கூட வெலை தெரியாது. எனக்கும் தெரியலைங்க, ஏன்னா எந்த வெரலுக்கு என்ன கணக்குன்னே எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி கையை நீட்டிட்டேன். அதை விட ஒரு சங்கதி, எனக்கு உள்ளங்கையில கூச்சம். சின்ன வயசுல இருந்தே இருக்குது. பாய் ஒரு வெரலைப் புடிச்சாரு, நான் சிரிச்சுட்டேன். இவரு வெலை பத்தாதுன்னு சிரிக்கறாருன்னு நெனைச்சு இன்னொரு வெரலைச் சேத்தாரு. எனக்கு இன்னும் கூச்சம், இன்னும் சிரிப்பு. அவரு மூஞ்சி சுருங்கிப் போயி இன்னும் ஒரு வெரலைச் சேத்தாரு. நான் நெளிஞ்சுக்கிட்டு நிக்கறேன், கண்ணுல தண்ணி வந்துருச்சு. நடேசன் எங்காதுகிட்ட வந்து, "மொதலாளி, இதுக்கு மேல சிரிச்சீங்கன்னா அவரு கையை உருவிக்கிட்டுப் போயிருவாரு"ன்னாரு. சரின்னு தலையை ஆட்டிட்டேன். அன்னைக்கு அந்தச் சந்தையிலயே நல்ல வெலைக்குப் போன குதிரை என்றதுதானாம். அடேயப்பா, எப்படிப் பேசறாரு பாருன்னு நாலு பேரு பாராட்டுனாங்க.

இத்தோட நிறுத்தியிருந்தா நானும் ஒரு வியாபாரின்னு பேரு வாங்கியிருப்பேன். கயிறு மாத்தற எடத்துலதான் கெட்டுப் போச்சு.

விக்கறவங்க குதிரையைத்தான் குடுப்பாங்க, கயித்தைக் குடுக்க மாட்டாங்க. பழைய கயிறு நம்ம வீட்டுக்கே திரும்பி வரோணும், அப்பத்தான் கொட்டாயில மறுபடியும் ஒண்ணு வந்து நிக்கும்பாங்க. வாங்கறவரு புதுக் கயிறு கொண்டாருவாரு. இதை நடேசன் எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருந்தாரு. நான் எல்லாத்தையும் முறைப்படி செய்யற ஆளாச்சே. பாய் பையில இருந்து புதுக் கயித்தை எடுத்து முடிச்சு அவுத்துக்கிட்டு இருக்காரு. நான் கெழக்கே பாத்து நின்னு, குருநாதசாமியைக் கும்புட்டு, இளவரசி நெத்தியில ஒரு முத்தம் குடுத்து, கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, தலைக்கயித்தை முழுசா கழட்டி ரெண்டு கையாலயும் தூக்கிப் புடிச்சேன். பாக்கறவங்க கண்ணு கலங்கோணும்னு.

புதுசை மாட்டிட்டுத்தான் பழசைக் கழட்டோணுமுங்க தம்பி. இது சந்தையில முறுக்கு விக்கறவனுக்குக் கூடத் தெரியும்.

கயிறு என்ற கையில இருக்குது, குதிரை எதுலயும் கட்டி இல்லை. அது ஒரு நிமிசம் யோசிச்சுது. தலையை ஒரு ஒதறு ஒதறுச்சு. நடக்க ஆரம்பிச்சிருச்சு. நடேசன் "அய்யோ"ன்னு தலையில கை வெச்சாரு. பாய் என்னைப் பாத்து ரொம்ப மரியாதையா, "விசில் அடிங்க ஐயா"ன்னாரு.

அடிச்சேன். ஒரு நாய் வந்துச்சு.

மறுபடி அடிச்சேன். தெருவோரத்துல பந்தோபஸ்துக்கு நின்ன போலீஸ்காரரு திரும்பிப் பாத்தாரு. இளவரசி திரும்பலை. "இளவரசீ"ன்னு கத்தினேன். வளையல் கடையில நின்ன ஒரு புள்ளை "என்னங்க?"ன்னு கேட்டுச்சு. குதிரை கரும்பு ஜூஸ் கடைக்குப் போயி சக்கையைத் தின்னுக்கிட்டு நிக்குது. நான் வெல்லத்தை நீட்டிக்கிட்டே கிட்டப் போவேன், அது சரியா கைக்கு எட்டற தூரம் வரைக்கும் விட்டு அந்தப் பக்கம் நகரும். சுத்தி நின்னவங்க வேடிக்கை பாத்துச் சிரிக்கறாங்க, நானும் சிரிச்சு வெச்சேன். எந்த வழியும் இல்லைன்னா அதைத்தான் செய்யறது.

அப்ப அது ரோட்டுப் பக்கம் திரும்புச்சுங்க. திருவிழா பஸ்ஸு ஒண்ணு பின்னாடி ஒண்ணா வந்துக்கிட்டே இருக்குது. எனக்கு சிரிப்பெல்லாம் போச்சு. சாமி, காசும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், அதை மட்டும் பஸ்ஸுக்கு அடியில குடுத்தராதேன்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே இடுப்பைப் புடிச்சுக்கிட்டு ஓடறேன். ரோட்டோரத்துக்கு வந்து, கிட்டத்துல போய்ச் சேர்ற நேரம், என்ற போன் அடிக்குது. நான் எப்பவும் சத்தமாத்தான் வெச்சிருப்பேன், ஸ்பீக்கர்ல போட்டாத்தான் எனக்குக் காது கேக்கும். ஓடற வேகத்துல பட்டனை அமுக்கிட்டேன் போல.

பாவாத்தா. காதுகுத்து சீக்கிரமே முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டா.

"ஏனுங்க, எங்கீங்க இருக்கறீங்க? கழுதையைக் காணோமுங்க! கொட்டாயி தொறந்து கெடக்குது, கழுதை இல்லைங்க!" அவ கொரலே அவ கொரலா இல்லை. அங்கயே நின்னு தோட்டத்துப் பக்கம் பாத்துக் கூப்படறா. "கழுதே! ஏ கழுதே! எங்கடி போய்ட்டே, கழுதே!"

குதிரை நின்னுருச்சுங்க. காது ரெண்டும் வெறைச்சுக்கிச்சு. திரும்பிச்சு. நேரா எங்கிட்ட வந்துச்சு. எங்கிட்டன்னு சொல்றேன், போன்கிட்ட. மூக்கைக் கொண்டாந்து போன் மேல வெச்சு ஒரு கனைப்பு கனைச்சுது பாருங்க. ஆறு வருசத்துல என்னைப் பாத்து அப்படி ஒரு தடவை கனைச்சதில்லை. பயணக் களைப்பா இருந்திருக்கும், அதான் விசிலு காதுல விழலை.

அந்தப் பக்கம் பாவாத்தாளுக்குக் கனைப்பு கேட்டுருச்சு. "உங்ககிட்டத்தான் இருக்குதா?"ன்னா.

"ம்"னேன்.

"எங்க?"

"அந்தியூர்ல."

ஆடி மாசத்துல அந்தியூருக்குக் குதிரையோட எதுக்குப் போவாங்கன்னு எங்க ஊருல சின்னக் கொழந்தைக்குக் கூடத் தெரியும். அவ திட்டுவான்னு காத்துக்கிட்டு இருந்தேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்குமுங்க. "நான் வர்றேன். அது வரைக்கும் கயித்தை யாரு கையிலயும் குடுக்காதீங்க"ன்னா. போனை வெச்சுட்டா. பழைய கயித்தையே மறுபடி அது தலையில மாட்டி இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன்.

பின்னாடியே ஓடி வந்த பாய் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னாரு. புதுக் கயித்தைச் சுருட்டி மறுபடி பையில போட்டாரு. "தீனி போட்ட கைதான் குடுக்கணும் ஐயா. அந்த அம்மா வரட்டும்"னாரு. இல்லைங்க பாய், குதிரை என்றது, எம் பேருலதான் இருக்குதுன்னேன். "இருக்கட்டும் ஐயா"ன்னாரு. அவ்வளவுதான். ரெண்டு பேரும் டீ குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம்.

இதோ, இதே வழியிலதான் அவ பஸ்ல வந்திருக்கோணும். காதுகுத்துக்குக் கட்டின பட்டுச்சீலையை மாத்தாம, தலையில பூவோட வந்தா. என்னைப் பாக்கவே இல்லை. நேராக் குதிரைகிட்டப் போனா. கால் நாலையும் ஒவ்வொண்ணா தூக்கிப் பாத்தா. "தண்ணி வெச்சீங்களா?"ன்னு மட்டும் கேட்டா. நான் மறந்துட்டேன். பாயி ஓடிப் போய் வாளியில கொண்டாந்தாரு.

நான் எப்படியாச்சும் சமாதானம் பண்ணலாம்னு, "உனக்காகத்தான் பாவா, நீதான தெனமும் ஊழியம் ஊழியம்னு சொல்லிக்கிட்டு இருந்தே"ன்னேன். அதுக்கு அவ, "சொல்லுவேன். சோறாக்கறப்பவுந்தான் சொல்றேன். உங்களைக் கொண்டுபோய் வித்துட்டனா?"ன்னா. நடேசன் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிச்சாரு. எனக்கும் சிரிப்பு வந்துச்சு. அவ சிரிக்கலை.

அப்புறம் பாயைக் கேட்டா. "உங்க வீட்டுல யாரு தீனி போடுவாங்க?" பாயி, "என் சம்சாரம் ஜரீனாதாம்மா. நான் வெளிய சுத்தறவன்"னாரு. "அவங்களைப் போன்ல கூப்பிடுங்க"ன்னா. பேசினாங்க, பேசினாங்க, அப்படி ஒரு பேச்சு. இடி இடிச்சா பக்கத்துல நின்னு பேசிக்கிட்டே இருக்கோணும், கொள்ளு வேகவெச்சுத்தான் போடோணும், எடது காதுல கை வெச்சாப் புடிக்காது. எனக்கு எதுவும் தெரியாத சங்கதியா இருக்குது. அந்தப் பக்கம் அந்த அம்மா அவங்க குதிரைங்களைப் பத்திச் சொல்லிச் சிரிக்கறாங்க, இவளும் ரெண்டு தடவை சிரிச்சா. துண்டு இல்லாம, வெரல் இல்லாம, அங்கதானுங்க உண்மையான பேரம் நடந்துச்சு.

போனைக் குடுத்துட்டு அவ குதிரைகிட்டப் போயி நின்னா. அது தலையைத் தூக்கி அவ தோள் மேல போட்டுச்சு. அதைப் பாத்ததும் எனக்குத் தாங்கலை தம்பி. பாய்கிட்ட வாங்கின முன்பணத்தை அவரு கையிலயே வெச்சேன். "வேண்டாம் பாவா, எந்தப் புத்தியில வந்தேனோ தெரியலை. வா, வீட்டுக்கே ஓட்டிக்கிட்டுப் போயரலாம்"னேன். பாய் வாங்கிப் பையில போட்டுக்கிட்டாரு. நல்ல மனுசன்.

அவ அழுவா, சரின்னு சொல்லுவான்னு நெனைச்சேன். என்னை அப்பத்தான் மொத தடவையா நிமிந்து பாத்தா.

"வேண்டாமுங்க. விக்கறதுன்னு ஒரு தடவை உங்களுக்குத் தோணிருச்சு. இன்னைக்குத் திருப்பிக்கிட்டுப் போனா, நான் வேற எங்காச்சும் ஒரு காதுகுத்துக்குப் போறப்போ மறுபடி தோணும். அன்னைக்கு எவன் கைக்குப் போகுமோ எனக்குத் தெரியாது. இன்னைக்காச்சும் நல்ல கைக்குப் போகுதுன்னு நான் கண்ணால பாத்துக்கறேன்."

இதைக் கோவமாச் சொல்லலைங்க. கடைக்குப் போனா உப்பு வாங்கிட்டு வாங்கன்னு சொல்ற மாதிரி சொன்னா.

பாய்கிட்டப் புதுக் கயித்தை வாங்கி அவளே மாட்டினா. மாட்டிட்டுப் பழசைக் கழட்டினா. பாயோட வேன்ல ஏத்தறப்போ அது ஏற மாட்டேன்னு பின்னாலயே போச்சு. நாங்க நாலு பேரு தள்ளறோம். பாவாத்தா எங்களை நகரச் சொல்லிட்டு, சீலையை இடுப்புல சொருகிக்கிட்டு அவ மொதல்ல ஏறினா. "வா கழுதே"ன்னா. அது அவ பின்னாடி பேசாம ஏறி நின்னுருச்சு. அவ அதோட கழுத்தைத் தட்டிக் குடுத்துக்கிட்டே, கட்டையைப் புடிச்சு முன்பக்கமா கீழ எறங்கிட்டா. இவளும் கூட வர்றான்னு நம்பித்தானுங்க அது ஏறுச்சு. வண்டி கெளம்புச்சு. அவ ஒரு முடுக்குச் சந்துல போயி முதுகைக் காட்டிக்கிட்டு நின்னுக்கிட்டா. நான் சந்தை நடுவுல நின்னு ஓன்னு அழுதேன். முறுக்கு விக்கறவன் வந்து தண்ணி குடுத்தான்.

அது ஆச்சுங்க ஒரு வருசம். அவ அதைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை. சண்டையும் இல்லை. சோறு போடறா, காப்பி குடுக்கறா. ஊழியம் ஊழியம்னு பொலம்பறதே இல்லை. வீடே அமைதியா இருக்குது, அந்த அமைதி எனக்கு ஆகலை. காலையில எந்திரிச்சு வெறும் கொட்டாயைக் கூட்டி விடறா. என்னத்தைக் கூட்டறேன்னு ஒரு நாள் கேட்டேன். "குப்பை விழுகுதுல்ல"ன்னா.

அதனாலதான் இன்னைக்குக் கெளம்பிட்டேன் தம்பி. நடேசன்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன், செவலையில ஒரு பொட்டைக் குட்டி வந்திருக்குதாம், நெத்தியில சுட்டியோட. அதை வாங்கிக்கிட்டுப் போயி, அவ காலையில எந்திரிச்சுப் பாக்கறப்போ கொட்டாயில நிக்கோணும். ஈரோட்டுக்கு சிமெண்டு கம்பெனி மீட்டிங்குனு சொல்லிட்டு வந்திருக்கேன். அவளுக்குத் துளிகூடத் தெரியாது. எப்படி நம்ம யோசனை?

என்னங்க? என்ன கேட்டீங்க?

அவகிட்டக் கேட்டனாவா?

எதுக்குங்க கேக்கறது? கேட்டாப் போச்சில்ல. தெரியாமக் கொண்டுபோய் நிறுத்தினாத்தான தம்பி அது...

அவளுக்குப் புடிச்ச நெறம். அதே மாதிரி சுட்டி. அவளுக்காகத்தான நான்...

தம்பி, கொஞ்சம் இந்தப் பையைப் புடிங்க. கண்டக்டர்! ஏனுங் கண்டக்டர், ஆப்பக்கூடல்ல நிறுத்துவீங்களா? டிக்கெட்டு அந்தியூருக்குத்தானுங்க எடுத்தேன், தெரியுமுங்க. எறங்கோணும். கவுந்தப்பாடிக்குத் திரும்பிப் போற பஸ்ஸு எந்தப் பக்கம் நிக்கும்?

போன்லயே கேக்கலாம்தான் தம்பி. போன்ல கேட்டா "உங்க இஷ்டம்"பா. எனக்கு அதுவே போதும்னு நான் வாங்கிருவேன். அவ மூஞ்சியைப் பாத்துக் கேக்கோணும். வேண்டாம்னு சொன்னாலும் நின்னு கேட்டுக்கோணும்.

வழி விடுங்க, வழி விடுங்க, இடுப்பு சரியில்லாத மனுசன். ஏனுங்க தம்பி, சந்தை நாளைக்கும் இருக்குமுங்கல்ல?